பழைய புல்லட் ஸ்டார்ட் ஆகலையா? எஞ்சினைப் பிரிக்கும் முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை என்னென்ன?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் பல வீடுகளில் தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு பழைய பைக் நின்றுகொண்டிருக்கும். அப்பா ஓட்டிய புல்லட், மாமா விட்டுப்போன யெஸ்டி, காலேஜ் காலத்து ஆர்எக்ஸ் 100 என ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. அதை மறுபடி ரோட்டில் ஓட்ட வேண்டும் என்ற ஆசை இப்போது இளைஞர்களிடம் அதிகம் தெரிகிறது.

ஆனால் நாலு கிக் அடித்தும் வண்டி எடுக்கவில்லை என்றால் வரும் முதல் யோசனை, "எஞ்சினை இறக்கிடலாம்" என்பதுதான். அங்கேதான் செலவும் சிக்கலும் ஆரம்பிக்கின்றன. வெகுநாள் நின்ற வண்டி ஸ்டார்ட் ஆகாததற்கு காரணம் பெரும்பாலும் எஞ்சினுக்கு வெளியேதான் இருக்கும். அழுக்கான பாயின்ட், அடைத்த ஜெட், ஒட்டிக்கொண்ட டிகம்ப்ரஷர் வால்வு என எதுவாகவும் இருக்கலாம். அதைப் பார்க்காமல் நல்ல எஞ்சினைப் பிரித்தால், கம்பெனியில் இருந்து வந்த ஒரிஜினல் பாகங்கள் தொலையும். அதே தரத்தில் மறுபடி கிடைப்பது கஷ்டம்.

எதை முதலில் பார்க்க வேண்டும், எதைக் கடைசியில் தொட வேண்டும்? முழு விவரம் இதோ.

எந்த புல்லட்டைப் பற்றிப் பேசுகிறோம்?

இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. திருவொற்றியூர் தொழிற்சாலையில் இருந்து பல பத்தாண்டுகள் வெளிவந்தது 346 சிசி காஸ்ட் அயர்ன் எஞ்சின் கொண்ட புல்லட் 350. எஞ்சின் தனி, கியர்பாக்ஸ் தனி. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். 2009-க்குப் பிறகு எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒன்றாக இருக்கும் யூசிஇ எஞ்சின் வந்ததும் பழைய எஞ்சின் படிப்படியாக விடைபெற்றது.

மேற்குப் புறநகருக்கும் பழைய வண்டிகளுக்கும் பழக்கம் அதிகம். பாடியில் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் பாகங்கள் செய்யும் லூகாஸ் டிவிஎஸ், அம்பத்தூரில் டைமண்ட் செயின் தயாரித்த டிஐ நிறுவனம், ஒரு காலத்தில் ஓடிய டன்லப் டயர் தொழிற்சாலை என வண்டிக்கான பாகங்கள் இந்தப் பகுதியிலேயே உருவாகின. இன்றும் அம்பத்தூர் எஸ்டேட்டைச் சுற்றி லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. இதில் கிடைக்காத பழைய பாகத்துக்கு புதுப்பேட்டை இருக்கிறது.

கீழே சொல்லும் வரிசை புல்லட்டை வைத்துச் சொல்லப்பட்டாலும், பாயின்ட், கார்புரேட்டர் உள்ள எந்தப் பழைய பைக்குக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதல் கிக்குக்கு முன் என்ன செய்ய வேண்டும்?

வருஷக்கணக்கில் நின்ற வண்டியை வெளியே தள்ளியதும் கிக் அடிப்பதுதான் முதல் தப்பு. சிலிண்டருக்குள் ஆயில் காய்ந்திருக்கும். ரிங் துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். வேகமாக மிதித்தால் ரிங் உடையும், கிக்கர் பல்லும் போகும்.

- பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக இரண்டு மூன்று ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு ஒரு நாள் ஊற விட வேண்டும்.
- பிறகு பிளக் இல்லாமலே கிக்கரை கையால் மெதுவாக அழுத்திப் பார்க்க வேண்டும். எஞ்சின் சுற்றினால் பாதிக் கவலை தீர்ந்தது.
- சுற்றவில்லை என்றால் துரு இளக்கும் ஆயிலை விட்டு இன்னும் சில நாள் ஊற வைக்கலாம். பிறகு டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல அசைக்கலாம். கிக்கர் மேல் ஏறி நிற்கக் கூடாது.

புல்லட்டில் இன்னொரு விஷயம் உண்டு. எஞ்சினோடு சேர்ந்தே இருக்கும் ஆயில் டேங்கில் இருந்து ஆயில், நாளாக நாளாக கிராங்க் கேஸுக்குள் இறங்கிவிடும். டிப்ஸ்டிக்கில் பார்த்தால் ஆயில் குறைவாகத் தெரியும். அதை நம்பி மேலே ஊற்றினால் அளவு மீறிப் போகும். ஸ்டார்ட் ஆனதும் தெருவே புகை மூட்டமாகிவிடும், பிரீதர் குழாயில் ஆயில் கொட்டும். பழைய ஆயிலை கிராங்க் கேஸ், டேங்க் இரண்டில் இருந்தும் முழுக்க வடித்துவிட்டு, புதுசாக 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றுவதே சரி.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா?

2015 டிசம்பர் வெள்ளமும், 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலும் இந்தப் பகுதியில் பல வண்டிகளை மூழ்கடித்தன. அப்படி நின்றுபோன வண்டி என்றால் கூடுதல் கவனம் தேவை. ஆயிலை வடிக்கும்போது அது பால் கலந்த டீ மாதிரி வெளுத்து வந்தால், தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். கியர்பாக்ஸ், பிரைமரி செயின் கேஸ், முன் ஃபோர்க் ஆகியவற்றில் உள்ள ஆயிலையும் மாற்ற வேண்டும். சக்கர பேரிங்குகளைக் கழற்றிப் பார்ப்பது அவசியம். வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே கிரீஸ் போய் துரு பிடித்திருக்கும்.

ஸ்பார்க் வருகிறதா?

வண்டி ஓட மூன்று விஷயம் வேண்டும். சரியான நேரத்தில் ஸ்பார்க், சரியான அளவில் பெட்ரோல், போதுமான கம்ப்ரஷன். இதே வரிசையில் பார்த்தால் குழப்பம் வராது.

பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, அதன் உலோகப் பகுதி எஞ்சினைத் தொடும்படி வைத்து கிக் அடிக்க வேண்டும். நீல நிறத்தில் சடக்கென ஸ்பார்க் வந்தால் நல்லது. மஞ்சளாக, மெலிதாக வந்தால் பலவீனம். இதைச் செய்யும்போது பிளக்கை ஓட்டைக்கு அருகில் வைக்கக் கூடாது. அங்கிருந்து பெட்ரோல் ஆவி வெளியேறும், தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

பழைய புல்லட்டில் ஆம்மீட்டரே பாதி மெக்கானிக். சாவியைப் போட்டு கிக்கரை மெதுவாக இறக்கும்போது முள் மைனஸ் பக்கம் போய், திரும்ப நடுவுக்கு வர வேண்டும்.

- முள் அசையவே இல்லை: பேட்டரி செத்திருக்கலாம், வயர் விட்டிருக்கலாம், அல்லது பாயின்ட்டில் அழுக்கு படிந்திருக்கலாம்.
- முள் மைனஸிலேயே நிற்கிறது: பாயின்ட் திறக்கவில்லை, அல்லது அதன் வயர் எங்கோ பாடியில் தொட்டு எர்த் ஆகிறது.
- முள் சரியாக ஆடுகிறது, ஸ்பார்க் இல்லை: காயில், கண்டன்சர், ஹெச்.டி. வயர், பிளக் கேப் ஆகியவற்றை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும்.

பாயின்ட்டை மெல்லிய எமரி பேப்பரால் தேய்த்து, சுத்தமான துணியால் துடைத்தாலே பல வண்டிகள் உயிர் பெறும். இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்க வேண்டும். இதற்கு ஃபீலர் கேஜ் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பாயின்ட்டில் பெரிதாக ஸ்பார்க் பறந்து, பிளக்கில் மட்டும் மங்கலாக வந்தால் கண்டன்சரை சந்தேகப்படலாம்.

பேட்டரி மாற்றும் முன், அது 6 வோல்ட்டா 12 வோல்ட்டா, எந்த முனை பாடியில் எர்த் ஆகியிருக்கிறது என்பதை மொபைலில் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். மாற்றிக் கொடுத்தால் சார்ஜிங் பாகங்கள் எரிந்துவிடும். ஆர்எக்ஸ் 100-ல் பாயின்ட் கிடையாது, சிடிஐ யூனிட்தான். அதில் ஸ்பார்க் இல்லை என்றால் முதலில் கனெக்டர்களையும், சாவியின் கில் வயரையும் பார்க்க வேண்டும்.

பெட்ரோல் போகிறதா?

பழைய பெட்ரோல் டேங்கில் இருந்தால் முதலில் அதை வடிக்க வேண்டும். நாள்பட்ட பெட்ரோல் வார்னிஷ் மாதிரி பிசுபிசுப்பாகி ஜெட்டை அடைக்கும். டேங்க் உள்ளே துரு இருந்தால், பெட்ரோல் டேப்பைக் கழற்றி ஓட்டையை அடைத்துவிட்டு வினிகர் ஊற்றி ஒன்றிரண்டு நாள் வைக்கலாம். பிறகு சமையல் சோடா கலந்த தண்ணீரால் அலசி, உடனே நன்றாகக் காய வைத்து, கொஞ்சம் பெட்ரோல் விட்டுக் குலுக்கிக் கொட்ட வேண்டும். ஈரம் இருந்தால் ஒரே ராத்திரியில் மறுபடி துரு பிடிக்கும். ஓட்டை விழுந்த டேங்கை வீட்டில் வெல்டிங் வைக்கவே கூடாது. காலி டேங்கில் உள்ள ஆவி வெடிக்கும்.

கார்புரேட்டரில் வரும் கோளாறை, வண்டி நடந்துகொள்ளும் விதத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

- சோக் போட்டால் மட்டும் ஓடுகிறது, எடுத்தால் ஆஃப் ஆகிறது: பைலட் ஜெட் அடைப்பு, அல்லது கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே காற்று புகுகிறது.
- ஐடிலில் நன்றாக இருக்கிறது, ஆக்சிலரேட்டர் திருகினால் அடைக்கிறது: மெயின் ஜெட் அடைப்பு, அல்லது டேப்பில் இருந்து பெட்ரோல் போதுமான அளவு இறங்கவில்லை.
- ஓவர்ஃப்ளோ ஆகிறது: ஃப்ளோட் ஓட்டையாகி மூழ்கியிருக்கலாம், அல்லது நீடில் வால்வு தேய்ந்திருக்கலாம்.
- இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடி நின்றுவிடுகிறது, கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி எடுக்கிறது: டேங்க் மூடியில் உள்ள காற்று ஓட்டை அடைத்திருக்கலாம். நின்றதும் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். உடனே ஓடினால் அதுதான் காரணம். திறந்தும் ஓடவில்லை என்றால், சூடானதும் மக்கர் பண்ணும் காயில் அல்லது கண்டன்சராக இருக்கலாம்.

ஜெட்டை கம்பியால் குத்தக் கூடாது. ஓட்டை பெரிதானால் வண்டி ஒருபோதும் செட் ஆகாது. கார்புரேட்டர் கிளீனர் அடித்து, காற்றால் ஊத வேண்டும்.

இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். பழைய வண்டிகளின் ரப்பர் குழாய், கேஸ்கெட், டேப் வாஷர் எல்லாம் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. சில பழைய வண்டிகளில் நாள்பட்ட பயன்பாட்டுக்குப் பிறகு ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டையும் மாற்ற வேண்டி வரலாம் என மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025-ல் தெரிவித்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணம் கொண்டது. வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தப் போகிறோம் என்றால் பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டரில் உள்ளதை வடித்துவிடுவது நல்லது.

கம்ப்ரஷன் இல்லை என்றால் எஞ்சின் போச்சா?

பலர் ஏமாறும் இடம் இதுதான். கிக்கர் லேசாக இறங்குகிறது, அழுத்தமே இல்லை என்றதும் "ரிங் போயிடுச்சு, ரீபோர் பண்ணணும்" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அதற்கு முன் புல்லட்டில் மூன்று இடம் பார்க்க வேண்டும்.

முதலாவது டிகம்ப்ரஷர். சிலிண்டர் ஹெட்டில் உள்ள இந்த சின்ன வால்வு, கிக் அடிக்க வசதியாக அழுத்தத்தை வெளியேற்றும். கேபிள் இறுக்கமாக இருந்தாலோ, கார்பன் பிடித்து வால்வு திறந்தபடி ஒட்டிக்கொண்டாலோ மொத்த கம்ப்ரஷனும் அந்த வழியாகப் போய்விடும். கேபிளில் கொஞ்சம் லூஸ் வைத்தாலே சரியாகலாம்.

இரண்டாவது டேப்பெட். கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் மேலே நிற்கும்போது, ஆறிய எஞ்சினில் இரண்டு புஷ்ராடும் விரலால் சுற்ற வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. சுற்றவே இல்லை என்றால் வால்வு முழுசாக மூடாமல் கம்ப்ரஷன் கசியும்.

மூன்றாவது கிளட்ச். பழைய புல்லட்டில் கிக்கர் கியர்பாக்ஸ் வழியாக, கிளட்ச்சைத் தாண்டித்தான் எஞ்சினைச் சுற்றும். கிளட்ச் வழுக்கினால் கிக்கர் இறங்கும், எஞ்சின் சுற்றாது. பார்ப்பதற்கு கம்ப்ரஷன் இல்லாதது போலவே தெரியும். இதற்கு நேர்மாறாக, பிளேட்டுகள் ஒட்டிக்கொண்டு கிளட்ச் விடாமல் இருந்தால், லீவரைப் பிடித்தபடி சில முறை கிக்கரை அழுத்தினால் பிரிந்துவிடும்.

மூன்றும் சரியாக இருந்தும் அழுத்தம் இல்லையா? பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அழுத்தம் கூடினால் ரிங், போர் தேய்மானம். கூடவில்லை என்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். இப்போதுதான் எஞ்சினைத் திறக்க நியாயமான காரணம் கிடைத்திருக்கிறது.

புகை என்ன சொல்கிறது?

- கறுப்புப் புகை: பெட்ரோல் அதிகம் போகிறது. சோக், ஏர் ஃபில்டர், ஃப்ளோட் பார்க்க வேண்டும்.
- ஸ்டார்ட் ஆன முதல் சில நிமிடம் மட்டும் நீலப் புகை: கிராங்க் கேஸில் இறங்கிய ஆயில். பயப்பட வேண்டாம்.
- விடாமல் வரும் நீலப் புகை: ரிங், போர் அல்லது வால்வு கைடு தேய்மானம்.
- ஆர்எக்ஸ் 100, யெஸ்டி போன்ற டூ ஸ்ட்ரோக்கில் அளவில்லாத வெள்ளைப் புகையோடு கியர் ஆயிலும் குறைந்தால்: கிராங்க் ஆயில் சீல் போயிருக்கிறது. ஐடிலில் தானாக ரேஸ் ஆவதும் சீல் வழியாகக் காற்று புகுவதன் அறிகுறி. இதைக் கவனிக்காமல் ஓட்டினால் பிஸ்டன் சீஸ் ஆகும்.

வண்டி ஸ்டார்ட் ஆனதும் ரேஸ் பண்ணாமல், மெதுவான ஐடிலில் விட்டு, ராக்கருக்குப் போகும் ஆயில் பைப்பின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திப் பார்க்க வேண்டும். ஆயில் கசிந்து வந்தால் பம்ப் வேலை செய்கிறது. வரவில்லை என்றால் உடனே ஆஃப் செய்ய வேண்டும். ஆயில் போகாமல் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் கனெக்டிங் ராடு பேரிங்குக்கு ஆபத்து.

எப்போது பட்டறைக்குக் கொடுக்க வேண்டும்?

ரீபோர், கிராங்க் அலைன்மென்ட், கனெக்டிங் ராடு மாற்றுவது, போன த்ரெட்டுக்கு புது த்ரெட் போடுவது எல்லாம் லேத் வேலை. வீட்டில் முயற்சி செய்யக் கூடாது. ஒரு முக்கியமான விஷயம்: ஓவர்சைஸ் பிஸ்டனை வாங்கி கையில் கொடுத்த பிறகே போர் பண்ணச் சொல்ல வேண்டும். பிஸ்டனை அளந்து அதற்கேற்ப போர் செய்வதுதான் முறை. போர் பண்ணிவிட்டு பிஸ்டன் தேடினால் இடைவெளி தப்பாகி, வண்டி சீஸ் ஆகும் அல்லது புகைக்கும்.

ரோட்டுக்குப் போகும் முன்

ஓட்டுவதற்கு முன் நிறுத்த முடியுமா என்று பார்க்க வேண்டும். பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். டிரம்மைத் திறந்து வாயாலோ காற்றாலோ தூசியை ஊதக் கூடாது. மாஸ்க் போட்டு, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும், கடைசி இரண்டு ஆண்டையும் சொல்லும். 2312 என்றால் 2012-ம் ஆண்டின் 23-வது வாரம். பட்டன் நன்றாக இருந்தாலும், ரப்பர் வெடித்த பழைய டயரை மாற்றித்தான் ஆக வேண்டும்.

இடது கால் கியருக்குப் பழகியவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. பழைய புல்லட்டில் அவசரத்தில் வலது காலை அழுத்தினால் பிரேக் பிடிக்காது, கியர்தான் மாறும். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. அதனால் முதல் ஓட்டத்தை சிடிஎச் ரோட்டிலோ பூந்தமல்லி ஹை ரோட்டிலோ வைத்துக்கொள்ளாமல், நடமாட்டம் இல்லாத உள் தெருவில் கால் பழகும் வரை ஓட்டிப் பார்ப்பது நல்லது.

ஆர்.சி. இல்லாமல் எதுவும் இல்லை

செலவு செய்யத் தொடங்கும் முன்பே பார்க்க வேண்டியது ஆர்.சி. புத்தகம். அதில் உள்ள எஞ்சின், சேசிஸ் எண்கள் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்துப்போக வேண்டும். பெயின்ட் அடிக்கும்போது அந்த எண்களைத் தேய்த்து அழித்துவிடக் கூடாது. எஞ்சினை வேறொன்றுக்கு மாற்றினால் ஆர்டிஓ அனுமதி தேவை.

தனிநபர் வாகனப் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன் பிறகு படிவம் 25 மூலம் விண்ணப்பித்து, ஆர்டிஓ அலுவலகத்தில் வண்டியைக் காட்டி 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டுகளைத் தாண்டிய மோட்டார் சைக்கிளுக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2,000 ரூபாயாக மத்திய அரசு 2025 ஆகஸ்டில் உயர்த்தியது.

முதல் பதிவில் இருந்து 50 ஆண்டுகளைத் தாண்டி, பெரிய மாற்றம் இல்லாமல் இருக்கும் வண்டிகளை 2021-ல் வந்த விதிப்படி விண்டேஜ் வாகனமாகவும் பதிவு செய்யலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அப்படிப் பதிவு செய்தால் தினசரி ஆபீஸ் போக அந்த வண்டியை எடுக்க முடியாது. கண்காட்சி, ராலி, சர்வீஸ் போன்ற தேவைகளுக்கு மட்டுமே ரோட்டில் ஓட்டலாம். தினமும் ஓட்டும் எண்ணம் இருந்தால் சாதாரண புதுப்பிப்பே போதும்.

சுருக்கமாக

1. ஆர்.சி. எண்களைச் சரிபார்க்கவும்.
2. பிளக் ஓட்டையில் ஆயில் விட்டு, எஞ்சின் சுற்றுகிறதா எனப் பார்க்கவும்.
3. பழைய ஆயில், பழைய பெட்ரோல் இரண்டையும் வடிக்கவும்.
4. ஸ்பார்க், பெட்ரோல், கம்ப்ரஷன் என்ற வரிசையில் சோதிக்கவும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாகத்தை மட்டும் மாற்றவும்.
5. கழற்றும் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, போல்ட்டுகளைத் தனித்தனி கவரில் போட்டுப் பெயர் எழுதவும்.
6. பெட்ரோல் வேலையை காற்றோட்டமான இடத்தில், பூஜை விளக்கு, கேஸ் அடுப்பு பக்கம் இல்லாமல் செய்யவும். ஒரு வாளி மணல் அருகில் இருக்கட்டும்.
7. கம்ப்ரஷன் சோதனையிலோ விடாத புகையிலோ தெளிவான ஆதாரம் கிடைத்தால் மட்டும் எஞ்சினைப் பிரிக்கவும்.